ஒரு சாண் குழாய்

அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நிதானம் என்றால்தான் தெரியும். டர்போ வைத்த கார்களை ட்யூன் செய்கிற பட்டறை அவருடையது. வருகிறவன் எவ்வளவு வேகம் கேட்டாலும் முதலில் "நிதானம், நிதானம்" என்று கையைத் தூக்கிவிடுவார். வேகத்தை விற்கிற கடையில் உட்கார்ந்து நிதானத்தை உபதேசிக்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவர் பட்டறையில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, ஃபியூயல் கட் டப்பா மாட்டித் தரமாட்டார். இன்னொன்று, வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், ஒற்றைத் திருகாணியாக இருந்தாலும், அதை ஓட்டுநர் சீட்டில்தான் வைப்பார். "சீட்டுல சாமான் கெடந்தா எவனும் உக்கார முடியாதில்ல? மாட்டி முடிச்சாத்தான் சீட்டு காலியாகும். சீட்டு காலியானாத்தான் வண்டி போகும்" என்று கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். இரண்டு சட்டத்தையும் ஒரே சாயங்காலத்தில் மீறினார் என்பதுதான் விஷயம். அதுவும் சொந்தத் தங்கைக்காக.

அந்த டப்பா என்னவென்று சொல்லிவிடுகிறேன். டர்போ என்பது வெளியேறுகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாதனம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லையென்றால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அதனால் காற்று அளவு மீறியதும் காரில் இருக்கிற கம்ப்யூட்டரே பெட்ரோலைச் சட்டென்று நிறுத்திவிடும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கும். ஓட்டுகிறவருக்கு அது எரிச்சல். எஞ்சினுக்கு அதுதான் உயிர். இந்தக் குலுக்கல் வராமலிருக்கத் தீப்பெட்டி அளவில் டப்பாக்கள் விற்கிறார்கள். காற்று எவ்வளவு வந்தாலும் "எல்லாம் அளவாத்தான் வருது, நீ தூங்கு" என்று அவை கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். வேலியைக் கொஞ்சம் தள்ளி நடுகிற ரகம் ஒன்று உண்டு. வேலியைப் பிடுங்கி அடுப்பில் வைக்கிற ரகமும் உண்டு. நிதானத்துக்கு இரண்டுமே ஆகாது.

தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் பென்சில் விழுந்தாலே முறைக்கிறவள், காரில் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. சிவப்பு நிறத்தில் சின்ன டர்போ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருந்தாள். முன்னால் வைத்திருந்த புண்ணியவான் காற்றழுத்தத்தைக் கண்டபடி ஏற்றிவிட்டிருந்தான். மறுநாள் காலை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கல்லூரி விடுதியில் மகளைக் கொண்டுபோய் விட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"லாரிய முந்தும்போது யாரோ பின்னாலேருந்து சட்டையப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு அண்ணா. மலைப்பாதையில அப்படி ஆச்சுன்னா என்ன பண்றது?"

"காத்தைக் குறைச்சு வச்சுத் தரேன். குலுக்காது."

"குலுக்காது, சரி. அப்புறமும் எப்பவாவது குலுக்கிச்சுன்னா? நடு ரோட்டுலயா நின்னு யோசிக்கறது?"

"அப்ப முறையா பண்ணணும். பெரிய இன்ஜெக்டர், பம்ப், கம்ப்யூட்டர்ல புதுசா மேப். வண்டிய ரெண்டு வாரம் விட்டுட்டுப் போ."

"ஊர்ல இருக்கிறவங்களுக்கும் ரெண்டு வாரம், கூடப் பிறந்தவளுக்கும் ரெண்டு வாரமா? நல்லா இருக்கு நியாயம். விடு, முக்குக் கடையில அரை மணி நேரத்துல டப்பா மாட்டித் தராங்களாம்."

முக்குக் கடை என்ற வார்த்தைதான் அவரைச் சுட்டது. அங்கே காற்றையும் குறைக்கமாட்டான், ஒரு மண்ணும் பார்க்கமாட்டான்; டப்பாவைச் செருகிவிட்டு அனுப்புவான். எப்படியும் மாட்டத்தான் போகிறாள், அதை நம் கையாலேயே ஒழுங்காக மாட்டிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. தப்பு பண்ணப் போகிற எல்லோருக்கும் இந்த யோசனை சொல்லிவைத்தாற்போல் வந்துவிடுகிறது. டிராயரைத் திறந்தார். வேலியைத் தள்ளி நடுகிற ரகம் இருந்தது, ஆனால் அதன் பிளக் இந்த வண்டிக்குச் சேரவில்லை. மிச்சம் இருந்தது மற்ற ரகம். வேறொருத்தர் வண்டியிலிருந்து, "இதெல்லாம் ஒரு சாமானா?" என்று திட்டிக்கொண்டே அவரே பிடுங்கிப் போட்டது. அதைத்தான் மாட்டினார்.

காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தார். அந்த வேலையைச் செய்வது ஒரு சாண் நீள ரப்பர் குழாய். டர்போவின் அழுத்தத்தை ஒரு வால்வுக்கு எடுத்துப்போகும். அழுத்தம் ஏறினால் வால்வு திறந்து புகையை வேறு வழியாக வெளியே விட்டுவிடும், சக்கரம் அடங்கும். அந்தக் குழாய் இருக்கிறவரை காற்று அளவு மீறாது, டப்பா பொய் சொல்ல வேண்டிய நேரமே வராது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். நியாயமான கணக்குத்தான்.

ஆனால் மாட்டின சாமானைச் சோதிக்காமல் வண்டியை அனுப்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. டப்பா வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் காற்று ஒரு கணமாவது அளவு மீற வேண்டும். மீற வேண்டுமென்றால் அந்தக் குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றினார். குழாயும் இரண்டு கிளிப்பும் கையில் இருக்க, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சீட்டில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏறு அண்ணா, இன்னும் பெட்டியே கட்டல."

குழாயை வேலைச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டு மடிக்கணினியோடு பக்கத்தில் ஏறினார்.

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலிச் சாலையில் ஒரே ஒரு மிதி. கார் குலுக்காமல் சீறிக்கொண்டு போனது. திரையில் காற்றுக்கு ஈடு கொடுக்காமல் பெட்ரோல் அளவு இளைக்க ஆரம்பித்ததும் "போதும், போதும், காலை எடு!" என்று கத்தினார். டப்பா நன்றாகவே பொய் சொன்னது. திரும்பிவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள், எஞ்சினை அணைக்கவில்லை.

"இறங்கு, இறங்கு. நேரமாச்சு." ஜன்னல் வழியாக எட்டி, "அண்ணன்னா அண்ணன்தான்" என்றாள்.

பழக்கதோஷத்தில் அவர் கண் ஓட்டுநர் சீட்டுக்குத்தான் போனது. அங்கே சாமான் எதுவும் இல்லை, தங்கைதான் இருந்தாள். கார் போயிற்று. "அண்ணன்னா அண்ணன்தான்" என்ற வார்த்தை அவருக்கு ராத்திரிச் சாப்பாடுவரை இனித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை டாக்ஸிக்காரர் ஒருவர் அதே டப்பாவைக் கேட்டு வந்தார். நிதானம் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வண்டி குலுக்குதுன்னா ஏதோ சொல்ல வருதுன்னு அர்த்தம். வாயப் பொத்தினா வலி போயிடுமா? காத்து ஏன் ஏறுதுன்னு பார்க்கணும். மொதல்ல எல்லாக் குழாயும் இருக்கான்னு..."

பேனாவுக்காகச் சட்டைப் பைக்குள் கை போனது. ரப்பர் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விரலுக்கே தெரிந்துவிட்டது. ஒரு சாண் நீளம், இரண்டு கிளிப். மேசையில் இருந்த ஃபோனை எடுத்தார். மருமகள் அனுப்பிய குரல் செய்தி ஒன்று கேட்கப்படாமல் கிடந்தது. தங்கை மகள், வீட்டில் எல்லோருக்கும் வாலு.

"மாமா! என்ன பண்ணினீங்க வண்டிய? காரா இது? அம்மா ஒரு பஸ்ஸையும் ரெண்டு லாரியையும் ஒரே மூச்சுல முந்திட்டாங்க. அம்மா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல மாமா. தேங்க்ஸ்!" பின்னால் எஞ்சினின் சீறல் கேட்டது. அந்தச் சீறலின் சுருதி அவருக்குப் புரிந்தது. அப்படிச் சீறக் கூடாத எஞ்சின் அது.

தங்கை எண்ணுக்கு அடித்தார். வாலுதான் எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா. அம்மா ஓட்டுறாங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

குழாய் மாட்ட மறந்துட்டேன், வண்டிய ஓரமா நிறுத்துங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே டாக்ஸிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, இன்னும் உபதேசம் மிச்சமிருக்கிறது என்ற பாவனையில் மரியாதையாக நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் நிதானம். "புது சாமான் போட்டிருக்கு. கொஞ்சம் பழகட்டும். இன்னைக்கு மட்டும் மெதுவா போங்க, மிதிக்காதீங்க."

"அம்மா, மாமா மெதுவா போகச் சொல்றாரு."

தங்கையின் சிரிப்பு ஃபோனை நிறைத்தது. "உங்க மாமா எப்ப வேகமா போகச் சொல்லியிருக்காரு? பொறந்தப்பவே நிதானம் நிதானம்னுதான் அழுதிருப்பாரு. சரி அண்ணா, சரி, வச்சிடு!"

வைத்துவிட்டார்.

"தங்கச்சிக்கும் அதே உபதேசம்தானா?" என்றார் டாக்ஸிக்காரர், உருகிப்போய். "உங்கள மாதிரி ஆளப் பார்க்க முடியாதுங்க."

அந்தப் பாராட்டு அவரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மறுபடி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. வாலு எண்ணுக்கும் அதே பதில். மலை ஆரம்பித்துவிட்டது.

டாக்ஸிக்காரரை அப்படியே விட்டுவிட்டுத் தன் காரில் ஏறிக் கிளம்பினார். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. மறதி யாருக்கும் வரும், ஆனைக்கும் அடி சறுக்கும். அதைக்கூட அவரால் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஃபோனில் சொன்னதைத்தான் முடியவில்லை. ஊரில் எல்லோரிடமும் எப்போதும் மெதுவாகப் போகச் சொல்கிற ஆள், நிஜமாகவே மெதுவாகப் போக வேண்டிய நாளில் அதையே சொன்னால் யார் கேட்பார்கள்? தெரிந்தேதான் சொன்னார். யாருக்கும் எதுவும் ஆகாது, பேரும் கெடாது என்று நினைத்துத்தான் சொன்னார். காருக்குள் தனியாக, "குழாய் மாட்ட மறந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிப்பார்த்தார். சுலபமாக வந்தது. இன்னொரு முறை சொன்னார். கேட்க ஆள் இல்லாதபோது நாக்கு என்னமாய்ப் புரள்கிறது!

நடுமலை வளைவு ஒன்றில் சிவப்புக் கார் ஓரமாக நின்றது. அதன் பின்னால் சாலையில் வெகுதூரத்துக்கு எண்ணெய்க் கோடு. கருகிய வாசனை கார் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிட்டது. தாயும் மகளும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கை கால் இருக்கிறது, தலை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இறங்குவதற்கு முன்னால் தன் காரின் பின்சீட்டில் கிடந்த கருவிப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, அவர்கள் உட்கார இடம் பண்ணினார்.

தங்கை எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்படி அண்ணா வந்தே? நான் கூப்பிடவே இல்லையே? இங்க டவரே இல்ல. மேல போற பஸ்காரர்கிட்ட சொல்லித்தான் மீட்பு லாரிக்குச் சொல்லச் சொன்னேன்." அவருடைய பதிலுக்குக்கூட நிற்கவில்லை. "பாதி லாரியத் தாண்டிட்டேன். எதிர்ல பஸ் வருது. தாண்டிடலாம்னு இன்னும் மிதிச்சேன். டப்புனு ஒரு சத்தம். அப்புறம் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஒண்ணுமே இல்ல. லாரிக்காரர் பிரேக் போட்டு இடம் விட்டாரு. அவர் மட்டும் விடலேன்னா..." மகளைப் பார்த்தாள்.

"என்னாலதான் மாமா," என்றாள் வாலு. கண் வீங்கியிருந்தது. "நான்தான் இன்னும் மிதிம்மா, இன்னும் மிதிம்மான்னு கத்தினேன்."

"நீ ஃபோன் பண்ணி மெதுவா போகச் சொன்ன," என்றாள் தங்கை. "நான் சிரிச்சேன். வயசுதான் ஆகுது, புத்தி வரல. பாடுபட்டு மாட்டிக் கொடுத்த, நான் உடைச்சுட்டேன். கோச்சுக்காத அண்ணா."

"பார்க்கிறேன்," என்றார் நிதானம்.

பானெட்டைத் தூக்கினார். அது சுவர் மாதிரி எழுந்து அவர்கள் இருவரையும் மறைத்தது. டர்போவின் பக்கத்தில், குழாய் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சின்ன முனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. சட்டைப் பைக்குள் கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஒரு முனை, மறு முனை, கிளிப், கிளிப். மாட்டியாகிவிட்டது. இனி எந்த மெக்கானிக் திறந்து பார்த்தாலும் ஓட்டினவங்க கண்டபடி மிதிச்சிருக்காங்க என்றுதான் சொல்வான். டப்பாவுக்கும் ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம். நிதானத்தின் பெயர் நிதானமாகவே இருக்கும்.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை மகளிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா கேட்டா நான்தான் உடைச்சேன்னு சொல்லு. மாமா பேரை இழுக்காத. அவர் சொன்னாரு, நாமதான் கேக்கல. பாவம், பட்டறைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்காரு."

அவர் கை எஞ்சின் மேலேயே இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. சுட்டது. எடுக்கவில்லை. கிளிப்பை நெம்பினார். இன்னொரு கிளிப்பையும் நெம்பினார். குழாயை உருவி எடுத்துக்கொண்டு, "இங்க வா" என்று கூப்பிட்டார்.

தங்கை வந்தாள். வாலுவும் வந்தாள்.

"இந்த ரெண்டு முனை தெரியுதா? இங்க இந்தக் குழாய் இருக்கணும். நேத்து சோதனை பண்றதுக்காகக் கழட்டினேன். திரும்ப மாட்டல. நீ மிதிச்சதால உடையல. இது இல்லாம யார் மிதிச்சாலும் உருகும். அந்த டப்பா இல்லாம இருந்திருந்தா வண்டி தானே குலுக்கி நிறுத்தியிருக்கும். அதையும் நான்தான் அடைச்சு வச்சேன்."

தங்கை குழாயைப் பார்த்தாள். கணக்கு டீச்சர். எந்தப் படியையும் தாண்டிப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"காலைல. பையில கை விட்டேன்."

"ஃபோன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மலைக்குக் கீழே ஏதோ வண்டி கியர் மாற்றி ஏறுகிற சத்தம் கேட்டது. நிதானத்துக்கு அந்தச் சத்தம் சீக்கிரம் மேலே வந்துவிடாதா என்றிருந்தது.

"முன்னாடி," என்றார்.

"பழகட்டும்னு சொன்ன."

"ஆமா."

"புது சாமான் பழகட்டும்னு சொன்ன. இவ பக்கத்துல உக்காந்திருந்தா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிச்சுடு என்று சொல்ல நினைத்தார். கொஞ்சம் முன்னால் அவள் கேட்ட மன்னிப்பையே இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. வாலு இரண்டு அடி நகர்ந்து அம்மாவை ஒட்டி நின்றாள். மாமாவைக் கண்டால் கழுத்தைக் கட்டிக்கொள்கிற பெண், முதல் தடவையாக அவரை விட்டு நகர்ந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீட்பு லாரி வந்துசேர்ந்தது. டிரைவர் சங்கிலி போட்டு சிவப்புக் காரை மேலே இழுத்தார். தங்கை பெட்டிகளையும் தலையணையையும் இறக்கி ஓரமாக வைத்தாள்.

"சாமான என் வண்டில வைம்மா," என்றார் நிதானம். "பின்சீட்டக் காலி பண்ணி வச்சிருக்கேன். நானே விடுதியில கொண்டுபோய் விடறேன். லாரியில ரெண்டு பேரும் இடிச்சுக்கிட்டு..."

பெட்டிகள் லாரிக்குப் போயின. வாலு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லாரியின் முன்பக்கம் ஏறினாள். தங்கையும் ஏறப் போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். அவர் கையிலிருந்த குழாயை வாங்கிக்கொண்டாள். கிளிப் ஒன்று கீழே விழுந்தது. குனிந்து அதையும் எடுத்தாள். அவருடைய காருக்குப் போய்க் கதவைத் திறந்து, எல்லாவற்றையும் ஓட்டுநர் சீட்டில் வைத்தாள்.

"இங்க வச்சாத்தானே உனக்கு ஞாபகம் இருக்கும்," என்றாள்.

லாரி கிளம்பியது. முதல் கியரில் முனகிக்கொண்டு வளைவு திரும்பியது. அதன் முதுகில் சிவப்புக் கார் கடைசியாகத் தெரிந்து மறைந்தது. நிதானம் தன் காரின் திறந்த கதவருகே நின்றார். சீட்டில் குழாய் கிடந்தது. அதைக் கையில் எடுக்காமல் உட்கார முடியாது. வெகுநேரம் அவர் உட்காரவில்லை.